திரும்பி வந்ததைத் திறக்காதே

அக்காவிடம் யாரும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்து நான் பார்த்ததில்லை. பாதியில் இருக்கும்போதே "இல்ல" என்று பதில் வந்துவிடும். குரலை உயர்த்த மாட்டாள், திரும்பியும் பார்க்க மாட்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள். மானிட்டரின் தலையில் பழைய பைக் ஒன்றின் சைடு மிர்ரரைக் கம்பியால் கட்டி வைத்திருந்தாள். மாடிப்படி ஏறி வருகிறவரின் சட்டை, செருப்பு, கையில் இருக்கும் பை எல்லாம் அந்த வட்டக் கண்ணாடியில் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு உண்டான பதில் தயாராக இருக்கும்.

போனிலும் அப்படித்தான். ஹலோ கிடையாது. "எங்கேர்ந்து?" என்பதுதான் முதல் வார்த்தை. என்ன விஷயம் என்பது அதற்குப் பிறகு. பல பேருக்கு அந்தப் பிறகு வரவே வராது.

தூரப் போனவர்களைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் வெல்லம் தடவி எழுதுவது வழக்கம். எனக்கு அது வராது. அக்காவை எனக்குப் பிடிக்கும். பிடித்தவள் என்பதற்காக நல்லவள் என்று எழுதினால் அவளே எங்கிருந்தாவது "இல்ல" என்பாள்.

செஞ்சி பஜாரில் அவள் நைனாவின் டிராக்டர் ஸ்பேர் கடை. அதற்கு மாடியில் அக்காவின் இன்டர்நெட் சென்டர். ஊரில் நெட் என்றால் போன் லைனில் மோடம் கத்திக் கத்தி உள்ளே போகிற காலம் அது. எங்கள் சென்டருக்கு மட்டும் எந்நேரமும் இருக்கும் தனி லைன். முன்பக்கம் தடுப்பு வைத்த பிரவுசிங் அறைகள், அது என் பொறுப்பு. பின்பக்கம் ஒரு மெஷின். ரைஸ் மில், லாட்ஜ், மல்லாட்டை மண்டி என்று ஊர் வியாபாரிகளுக்கு வரும் மெயில் எல்லாம் அந்த மெஷினில்தான் வந்து விழும். கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு நான் காலையில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். குரங்கு கேபிளைப் பிடித்துத் தொங்கினால் அன்றைக்கு யாருக்கும் மெயில் இல்லை.

நான் வேலை கேட்டுப் போன அன்று, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்த ஊரு?"

"செஞ்சிதான்."

"செஞ்சில எங்க?"

இந்த இரண்டாவது கேள்வியை எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டாலும் கேட்பார்கள், பந்தியில் உட்கார்ந்தாலும் கேட்பார்கள். கேட்பவருக்கு வேண்டியது தெருவின் பெயர் இல்லை. "காலனி" என்றேன். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டத் திரும்பினேன். பழக்கம்.

"நில்லு. உங்காளுங்க யாரும் இதுவரைக்கும் என்னெ ஏமாத்தினதில்ல."

"யாராவது எங்கள உள்ள வுட்டாதானே ஏமாத்துறதுக்கு?" என்றேன். வேலை கிடைக்காது என்று தெரிந்த பிறகு வாய்க்கு என்ன பயம்?

"அதான் சொல்றேன். உங்க மேல ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல. நாளைக்கு வா."

இதைப் பெரிய மனசு என்று சொன்னவர்கள் உண்டு. அதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் மனதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. எங்கள் தெருவின் வழக்கு மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை. நான் ஒரு தப்பு செய்திருந்தால் எனக்குப் பின்னால் காலனிக்கே கதவு சாத்தியிருக்கும். அங்கே வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க ஒரு தெருவையே தலையில் சுமந்துகொண்டுதான் பில் போட்டேன்.

அவலூர்பேட்டைக்குத் தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது. அந்த ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் அக்காவைப் பாதி வழியில் இறக்கிவிட்டு வேறு சவாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். அதிலிருந்து அவலூர்பேட்டை ஆட்டோ எதிலும் ஏற மாட்டாள். ஒருநாள் அவள் நைனாவுக்கு நல்ல காய்ச்சல். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வெளியே வந்தால் மழை. நின்றதோ ஒரே ஒரு ஆட்டோ.

"எந்த ஊரு வண்டி?" என்று கேட்டாள்.

"அவலூர்பேட்ட. ஏறுங்கக்கா, பெரியவரு நடுங்க—"

"இல்ல."

கூட இருந்த நான் சும்மா இருக்க முடியாமல், "அந்தாளு வேற, இவரு வேறக்கா" என்றேன்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நைனா நனைஞ்சா காஞ்சிடுவாரு" என்றாள்.

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். இருந்த ஒரு குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு அவளும் முழுக்க நனைந்தபடி கூடவே நடந்தாள். மறுநாள் அவளுக்கும் காய்ச்சல். அடுத்தவருக்குக் கொடுக்கும் தண்டனையில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு வைரஸ் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. "நீங்கள் அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது, விவரம் உள்ளே" என்று இங்கிலீஷில் ஒரு மெயில் வரும். பாவம், என்ன மெயிலோ என்று திறந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். லாட்ஜ் மேனேஜர் திறந்தார், மண்டிக்காரர் திறந்தார், படித்த வாத்தியார் வீட்டிலும் திறந்தார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளாஸ் வைத்தாள். எல்லோரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அதே மெல்லிய குரலில் சொல்வாள்.

"மெயில் திரும்பி வந்துச்சுன்னு இங்கிலீஷ்ல எது வந்தாலும் தொறக்காதீங்க. அழிச்சிடுங்க. ஒண்ணும் ஆவாது."

ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவருக்கு அந்த வாரம் பிரவுசிங் கிடையாது.

அந்த கிளாஸில் முன்வரிசையில் தொண்டூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். விதை மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலை என்று யாராவது சொன்னால், அது டவுனில் வறுத்து விற்பது, நான் விற்பது மல்லாட்டை என்பார். மனைவி இறந்து சில வருஷம், பிள்ளை இல்லை. ரொம்ப மெதுவாகப் பேசுவார். அக்காவின் "இல்ல" அவர் வாக்கியம் பாதி தூரம் வருவதற்குள் வந்துவிடும். அவர் அது காதில் விழாதது போலவே மீதியையும் சொல்லி முடிப்பார். முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அக்காவுக்கு வேறு வழியில்லாமல் போய்விடும். அவள் "இல்ல"வுக்குப் பிறகும் பேசி முடித்த ஒரே ஆள் அவர்தான்.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தால் மாடிக்கு வராமல் போக மாட்டார். படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அக்கா கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். நான் எதையும் பார்க்காதவள் மாதிரி பில் போட்டுக்கொண்டிருப்பேன்.

வைரஸ் ஓய்ந்த பிறகு குப்பை மெயில் வந்தது. லாட்டரி விழுந்தது, ராஜா செத்துவிட்டார், ராஜாவின் விதவைக்கு உன் உதவி வேண்டும் என்று தினமும் மூட்டை மூட்டையாக. ஒருநாள் தலைப்பில் இன்வாய்ஸ் என்று போட்டு வந்த ஒன்றை ரைஸ் மில் முதலாளிக்கு மற்ற பிரிண்ட்களோடு கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்தது ஆண்மைக்கு மாத்திரை. படத்தோடு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மருமகளைக் கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு இன்னா வயசாவுதும்மா?" என்று மாடியில் வந்து நின்றார். "மருமவ கைல குடுத்துட்டேன். அது பாத்துட்டு ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிச்சு. எம் பையன் என்னெ ஒரு மாதிரி பாக்கறான்."

நான் சிரிப்பை அடக்க பாத்ரூமுக்கு ஓடினேன். அக்கா சிரிக்கவில்லை. இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். எங்கிருந்து என்பதுதானே அவளுக்கு எப்போதும் கேள்வி.

பெரும்பாலும் டயல்-அப் முகவரிகளிலிருந்து. மோடம் வழியாக நெட்டுக்குள் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு எண் கொடுப்பார்கள். அவர் லைனை விட்டதும் அதே எண் வேறு ஆளுக்குப் போய்விடும், லாட்ஜ் ரூம் மாதிரி. ஒழுங்காக மெயில் அனுப்புகிறவர் அதை நெட் கம்பெனியின் மெயில் மெஷினிடம் கொடுப்பார், அது எங்கள் மெஷினிடம் கொண்டுவந்து சேர்க்கும். குப்பை அனுப்புகிறவன் நடுவில் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டான். லாட்ஜ் ரூமிலிருந்து நேராக நம் வாசலுக்கு வந்து கொட்டிவிட்டு ரூமைக் காலி செய்துவிடுவான். இப்படிப்பட்ட எண்களை எல்லாம் தொகுத்த பட்டியல்கள் நெட்டில் கிடைத்தன. அக்கா ஒன்றை எடுத்து எங்கள் மெஷினில் போட்டாள். அதில் இருக்கும் எண்ணிலிருந்து எது வந்தாலும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே வாசலில் திருப்பிவிடும். அனுப்பியவருக்கு, உங்கள் மெயிலை ஏற்கவில்லை என்று இங்கிலீஷில் தகவல் போய்விடும்.

இதை அக்கா எனக்கு விளக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே "புரியுதுக்கா" என்று நான் வெட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பது. காலனியில் பிறந்தவளுக்கு இதை ஒருவர் பாடம் நடத்த வேண்டுமா?

பலன் இருந்ததா என்றால், இருந்தது. மறுநாள் காலையில் மெயில் பெட்டிகள் எல்லாம் பெருக்கிவிட்ட வாசலாக இருந்தன. மில் முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். தெருவைப் பார்த்துக் கதவைச் சாத்துவது எத்தனை சுலபம், எத்தனை சுகம் என்று கதவுக்கு உள்ளே இருந்து முதல்முறை தெரிந்துகொண்டேன்.

சில நாளில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். அவலூர்பேட்டை நெல் வியாபாரி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். நெட் கம்பெனியின் மெயில் மெஷின் அடிக்கடி படுத்துக்கொள்கிறது என்று, வீட்டிலிருந்தே நேராக அனுப்புகிற மாதிரி அண்ணன் மகன் செய்து கொடுத்திருக்கிறான். மில்லுக்கு எழுதினால் திரும்பி வருகிறது. திரும்பி வந்ததை அந்தப் பையன் படித்துச் சொல்லியிருக்கிறான்.

"ஏம்மா, நான் இன்னா குப்பையா அனுப்பினேன்? நெல்லு வெலதான—"

"இல்ல."

"எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மில்லுக்குத்தான்மா குடுத்துக்கினு இருக்கோம். இந்த வாரம் என் சேதி வரலன்னு வேற ஆளுகிட்ட எடுத்துட்டாங்க. லோடு அப்படியே நிக்குது."

"உங்க மாதிரி லைன்லேர்ந்து மூட்ட மூட்டயா குப்ப வருது. அதுல உங்களுது எதுன்னு நான் ஒவ்வொண்ணா மோந்து பாக்கணுமா?"

"எனக்கு மட்டுமாவது வழி வுடக்கூடாதா?"

"ஒருத்தருக்குத் தொறந்தா அதுக்கு இன்னாத்துக்குக் கதவுன்னு பேரு? கம்பெனி மெஷின் வழியா அனுப்புங்க."

அவருக்கு மட்டும் வழிவிட மெஷினில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியவர் படியில் இறங்கும்போது நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அக்கா சொன்னாள்.

"பாத்தியா? நெசமானவனுக்கு, ஏத்துக்கலன்னு சேதி போயிடுது. வரணும்னு இருக்கறவன் வேற வழில வந்துடறான். திருட்டுப் பயலுக்குத்தான் திரும்பி வர நேரமிருக்காது."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்கா சொன்ன எதிலும் நியாயம் இல்லாமல் இருந்ததில்லை. அதுதான் அவளிடம் இருந்த பயங்கரம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரே கவலைப்பட்டது. வந்து பார்த்துப் போனவர்கள் நிறைய. சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, கை கழுவி, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்திருப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். "போஸ்ட்மேன் மேல எனக்குக் கோவமே இல்ல. எவனும் எழுதலன்னா அவரு இன்னா பண்ணுவாரு?" என்பாள். எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை.

தொண்டூர்க்காரர் தன் அக்காவோடு பெண் பார்க்க வந்தார். இந்த முறை எங்கள் அக்கா, வீட்டில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். "பாக்கறவங்க நான் வேல செய்யறப்ப பாக்கட்டும்" என்று சென்டருக்கே வரச் சொன்னாள். எதிர்க்கடை போண்டாவையும் டீயையும் நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மா பிரவுசிங் அறையின் ஸ்டூலில் உட்கார்ந்து, தம்பியின் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அவளாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து எழுந்தபோது தொண்டூர்க்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் ஊருக்குப் போய் லெட்டர் போடறேன்னு..."

"இல்ல" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"...சொல்ல மாட்டேன். வூட்ல கம்ப்யூட்டர் வாங்கிட்டேன். அக்கா பையன் மெட்ராஸ்லேர்ந்து வந்து எல்லாம் மாட்டிக் குடுத்துட்டான். மெயில் போடறேன். உங்களுக்கு மட்டும். ஒரு விசயம் கேக்கணும். நீங்க பதில் போட்டீங்கன்னாதான் மேல பேசறது."

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"போடுங்க" என்றாள். அவள் காது சிவந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பெண் பார்த்துவிட்டுப் பேச்சு முடியாமல் மாப்பிள்ளை பெண் இருக்கும் இடத்துப் படி ஏறுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் தொண்டூர்க்காரர் வெள்ளிக்கிழமைகளில் மாடிக்கு வருவதையும் ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்கு வருவதையும் நிறுத்தினார். அக்கா தன் சொந்தப் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை திறந்தால் அதிகம். இப்போது பில் போடும் நேரத்திலும் திறந்து பார்த்தாள், கரண்ட் போய் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சந்தைக்கு வந்த ஆடுகள்தான் அதில் போய்க்கொண்டிருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அவரு வூட்லயும் டயல்-அப்தானே? அந்த நெல்லுக்காரரு மாதிரி நேரா அனுப்பறாரோ என்னவோ. நம்ம லிஸ்ட்ல மாட்டியிருந்தா?"

"மாட்டினா ஏத்துக்கலன்னு சேதி போயிருக்கும். போனா அவருக்குத் தெரியும். தெரிஞ்சா வேற வழில வருவாரு. வரணும்னு இருக்கறவன் வருவான்."

"எதுக்கும் அவரு பேருக்கு மட்டும் ஒரு வரி—"

"இல்ல."

"ஒரு வரிதானேக்கா?"

"கட்டிக்கப் போறவனுக்குன்னு கதவத் தொறந்துட்டு, அந்த நெல்லுக்காரப் பெரியவர் மொகத்துல நான் எப்படி முழிக்கறது?"

ஒரு போனாவது போடுங்கள் என்றேன். அதற்கும் அதே ஒரு வார்த்தை. எழுதாமல் போன அத்தனை லெட்டர்களும் அவள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரிந்தது. கேட்டு வாங்கிக்கொள்ள அவளால் முடியாது. கொஞ்ச நாளில் பெட்டியைப் பார்ப்பதையும் விட்டாள். கண்ணாடி மறுபடி படிப் பக்கம் திரும்பியது.

மல்லாட்டை அறுவடை முடிந்த சமயம், பெண் பார்க்க வந்த அந்தத் தொண்டூர் அம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்துப் பத்திரிகையோடு படி ஏறி வந்தாள். தம்பிக்குக் கல்யாணம். அக்கா கண்ணாடியில் தட்டைப் பார்த்துவிட்டாள். அசையவில்லை.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதும்மா" என்று அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நாங்க ரொம்ப நாள் பாத்தோம். தம்பி உங்களுக்கு மெயிலு போட்டான். ஒரு வாட்டி இல்ல, ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒக்காந்து போட்டான். கல்யாணம் ஆனாலும் இந்தக் கடைய நீங்கதான் நடத்தணும், தொண்டூருக்கு வர வேணாம், நானே செஞ்சிக்கு வந்துடறேன், உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டிருந்தானாம். பதிலே இல்ல. படிச்ச பொண்ணு, வேணாம்னு சொல்ல சங்கடப்படுது போல, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வுட்டுட்டான்."

அக்கா ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. நான்தான் கேட்டேன். "அவருக்குத் திரும்பி ஏதாவது வந்துச்சாம்மா? இங்கிலீஷ்ல?"

"வந்துச்சாம். ஒவ்வொரு வாட்டியும் வந்துச்சாம். ஒண்ணக்கூட தொறக்கலியே அவன்." அந்த அம்மா முகத்தில் பெருமை. "நீங்க கிளாஸ்ல சொன்னீங்களாமே, திரும்பி வந்துச்சுன்னு எது வந்தாலும் தொறக்காம அழிக்கணும்னு. அதே மாதிரி அழிச்சிட்டான். மத்தவங்க சொன்னா கேக்க மாட்டான். உங்க வார்த்தைக்கு அவ்ளோ மரியாத."

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்று ஒரு பழமொழி உண்டு. எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். விழுகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் சிரிப்பு வராது.

கண்ணாடியில் அக்காவின் நெற்றியும் கண்ணும் மட்டும் எனக்குத் தெரிந்தன. கண் சிமிட்டக்கூட இல்லை.

"சரியாத்தான் பண்ணியிருக்காரு" என்றாள்.

பிறகு எழுந்து, வாசல் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். படி ஏறி வந்த ஒருவரை அவள் எழுந்து நின்று நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பொண்ணு எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. டீ வாங்கிவரச் சொன்னாள். அந்த அம்மா குடித்துவிட்டு, அவசியம் வரணும் என்று சொல்லி இறங்கிப் போனாள்.

"பத்திரிகதானேக்கா அடிச்சிருக்குது? தாலி கட்டலியே" என்றேன். என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது. "நீங்க பேச வேணாம், நான் பேசறேன். மெஷின் பண்ண வேலன்னு சொல்றேன்."

"இல்ல. அந்தப் பொண்ணுக்கு இன்னா சொல்லுவே? நீ திரும்பிப் போன்னா?"

"அந்த லிஸ்ட்டயாவது எடுத்துடுங்க."

"எடுத்தா?" என்றாள். "இன்னொருத்தர் வரப்போறாரா?"

இதில் கொடுமை, அதற்குள் மாத்திரை விளம்பரம் மறுபடி வர ஆரம்பித்திருந்தது. அனுப்புகிறவர்கள் புத்திசாலிகள். டயல்-அப் கதவு சாத்தியதும் ஒழுங்கான கம்பெனி மெஷின்களுக்குள் புகுந்து, அவற்றின் முதுகில் ஏறி ராஜநடையாக உள்ளே வந்தார்கள். முன்வாசலை அடைத்தால் ஆடு பின்பக்கம் வருவதற்கு எத்தனை நாள் ஆகும்? மில் முதலாளிக்கு நான் மறுபடியும் பிரிண்ட்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கும் தெரியும். டயல்-அப்பைத் தடுத்தால் குப்பை குறையுமா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், கொஞ்ச நாளைக்குக் குறையும் என்பேன். அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வெளியே நின்றுபோனவர்கள் அந்த நெல்லுக்காரப் பெரியவரும் தொண்டூர்க்காரரும்தான்.

கல்யாணத்துக்கு அக்கா போனாள். மொய் எழுதினாள், சாப்பிட்டாள், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் என்னோடு திரும்பினாள். வழியெல்லாம் சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. நைனா போன பிறகு அக்கா திண்டிவனத்தில் தன் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறாள். தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை எடுக்க மாட்டாள். போன வருஷம் நான் சிம் மாற்றினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். முழுசாக அடித்து ஓய்கிறது. வரணும்னு இருக்கறவள் வருவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பஸ் ஏறிப் போக வேண்டும். போவேனா என்று தெரியவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் கிளாஸ். பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்தான் போட்டேன். முன்வரிசையில் தொண்டூர்க்காரரின் நாற்காலி அன்றும் காலி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, "நாம அனுப்பினதே நெசமாலுமே திரும்பி வந்திருந்தா எப்படிம்மா கண்டுபிடிக்க—" என்று ஆரம்பித்தார்.

நான் பில் போடுவதை நிறுத்தினேன். இன்றைக்கு மாற்றிச் சொல்வாள் என்று எனக்கு நிச்சயம். பார்த்துத் திறங்கள், அனுப்பியவர் பெயரைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் என்னைக் கேளுங்கள் என்று ஏதாவது ஒன்று. ஒரு வார்த்தையை மாற்றினால் போதும்.

அக்கா அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

"இல்ல" என்றாள், அதே மெல்லிய குரலில். "தொறக்காதீங்க. அழிச்சிடுங்க. ஒண்ணும் ஆவாது. எங்க, எல்லாரும் சொல்லுங்க."